மாடியறையைத் தாண்டாத தாள்

எங்கள் அண்ணிக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள். ஒன்று, தான் கொடுத்த வாக்கை மறக்க மாட்டாள். இரண்டு, நாம் கொடுத்த வாக்கையும் மறக்க விட மாட்டாள். இந்த இரண்டோடும் ஒரே வீட்டில் காலம் தள்ளியவள் நான், அவளுடைய நாத்தனார். நாத்தனார் என்றாலே குடும்பத்தைக் கெடுக்க வந்தவள் என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் விஷயத்தில் யார் யாரைக் கெடுத்தார்கள் என்று அண்ணனைத்தான் கேட்க வேண்டும். அவன் சாமர்த்தியசாலி, சாட்சி சொல்லாமல் முதலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான்.

தெருமுனையில் என் தையல் கடை. கடைக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறைகள். இரும்புப் படிக்கட்டு ஏறினால் மேலே சம உரிமைச் சங்கத்தின் அலுவலகம். அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு நீள அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலிகள், ஒரு டைப்ரைட்டர், சுவரை ஒட்டி நாலு இரும்பு பீரோக்கள். மழை பிடித்துக்கொண்டால் அண்ணி போட்டது போட்டபடி மாடிக்கு ஓடி, பீரோக்களுக்குத் தார்ப்பாய் போர்த்துவாள். அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோதுகூட இவ்வளவு பதமாகப் போர்த்தியதில்லை என்று நான் குத்திக்காட்டுவேன்.

"உங்க அண்ணன் நனைஞ்சா தலைய துவட்டிக்குவாரு. காகிதத்துக்கு அது தெரியாது" என்பாள்.

அந்தக் காகிதங்கள் என்னவென்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரின் நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. அந்தப் பக்கத்து ஆட்களை இந்தப் பக்கத்து ஆட்கள் சமமாக நடத்தியதில்லை. முடிதிருத்தகத்தில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. தெருக்குழாயில் எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் அவர்களுடைய குடத்துக்கு முறை வரும். பள்ளிக்கூடத்தில் அவர்கள் பிள்ளைகளுக்குப் பெஞ்சு இல்லை, கடைசியில் ஒரு கோணிச்சாக்கு. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் காரணம் தெரியாது, ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரியும். என் அம்மாவும் அப்படித்தான். அம்மா என்பதற்காக நான் பூசி மெழுக மாட்டேன்.

இதை மாற்ற வேண்டும் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பேர் கூடி ஆரம்பித்ததுதான் சங்கம். மனுப் போடுவார்கள், கூட்டம் போடுவார்கள், முடிதிருத்தகத்து வாசலில் வரிசையாகப் போய் நிற்பார்கள். சங்கத்தைத் தொடங்கிய வக்கீலய்யா, டைப் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடியபோது அண்ணி கிடைத்தாள். அப்போது புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். "அந்தப் பக்கத்து ஆளுங்க ஏறி இறங்குற இடத்துல இவளுக்கு என்ன வேலை?" என்று என் அம்மா கத்தினாள். அண்ணி மறுநாள் காலையில் தலை வாரிக்கொண்டு மாடி ஏறிவிட்டாள்.

அவளுடைய வேலையில் ஒரு முறை இருந்தது. புகார் சொல்ல வருகிறவர்கள் முதலில் வாசலிலேயே நிற்பார்கள். உள்ளே வந்தால் சுவரோரம் நிற்பார்கள். எதிரில் நாற்காலி காலியாகத்தான் இருக்கும், ஆனால் உட்கார மாட்டார்கள். அது அவர்களுக்குப் பழக்கமில்லை. அண்ணி டைப்ரைட்டரில் தாளைச் சொருகிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"உட்காருங்க. நீங்க உட்காந்தாத்தான் நான் டைப் அடிப்பேன்."

"இருக்கட்டும்மா, நின்னுக்கிட்டே சொல்றேன்."

"நிக்கிறவங்க சொல்றத என் மிஷின் அடிக்காது."

பாதி நாள் இந்த இழுபறியிலேயே போகும். கீழே கடையில் உட்கார்ந்தபடி நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில் நாற்காலி கிறீச்சிடும், அதற்குப் பிறகுதான் தட்டச்சுச் சத்தம் கேட்கும்.

எல்லாம் அடித்து முடித்துக் கையெழுத்தோ கைரேகையோ வாங்கும்போது அவள் ஒரு வாக்குக் கொடுப்பாள். அதிகாரிக்குப் போகிற மனுவில் பெயர் இருக்காது. பெயரோடு கூடிய வாக்குமூலம் பீரோவில் இருக்கும். "நீங்க சம்மதிக்காம இந்தத் தாள் இந்த அறைய தாண்டாது." அந்த வாக்கை நம்பித்தான் ஆட்கள் வாயைத் திறந்தார்கள். பெயர் வெளியே வந்தால் மறுநாளே வேலை போகும், அடியும் விழும்.

வக்கீலய்யாவுக்கும் ஒரு முறை இருந்தது. எந்த வாக்குமூலமானாலும் "அழுதுகொண்டே கூறியதாவது" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். "அதிகாரிக்குக் காது மந்தம்மா. அழுகைச் சத்தம் மட்டும்தான் கேக்கும்" என்பார். நல்ல மனிதர், ஊருக்காகத் தன் தொழிலையே விட்டவர். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவரும்கூட. அண்ணியும் கேள்வி கேட்காமல் அந்த வரியை முதலில் அடித்துவிட்டுத்தான் "சொல்லுங்க" என்பாள்.

காலம் போனது. வக்கீலய்யா போனார். நாற்காலி, குழாய், பெஞ்சு என்று ஒவ்வொன்றாகச் சட்டத்தில் மாறின. மனசில் எவ்வளவு மாறின என்பது வேறு கதை. சங்கத்துக்கு இப்போது ஒரு தலைவர் இருக்கிறார், ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர். உறுப்பினர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். போன வருஷம் கட்டடத்தின் சொந்தக்காரர் மாடியை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார். நாலு பீரோக் காகிதத்தை என்ன செய்வது என்று முழித்தபோது, ஆவணக் காப்பகம் ஒன்று எடுத்துக்கொள்ள முன்வந்தது. அங்கே போனால் காகிதம் நனையாது, செல்லரிக்காது. ஆனால் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம்.

காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தாளைத் தொடுவாள். கையுறைக்காரி என்று நான் பெயர் வைத்தேன். இரண்டு நாள் பீரோக்களைப் புரட்டிவிட்டு அண்ணியிடம் கேட்டாள்.

"ஒரு சந்தேகம்மா. இந்த நாலு பீரோவுல அழாத ஆளே இல்லையே? எல்லாரும் அழுதிருந்தா கால்வாயே ரொம்பியிருக்குமே."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சந்தையில் மூட்டை தூக்குகிற ஒருவருடைய வாக்குமூலமும் அதில் இருக்கிறது. அவரைப் பார்த்து மற்றவர்கள் அழுது நான் பார்த்திருக்கிறேன், அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

"அது மனு எழுதுற முறை" என்று அண்ணி வெட்டி விட்டாள். முகம் மட்டும் கொஞ்சம் சுருங்கியது.

பிறகுதான் பிரச்சினை கிளம்பியது. வாக்குமூலம் கொடுத்தவர்களின் சம்மதம் இல்லாமல் ஒரு தாளும் படி இறங்காது என்று அண்ணி ஒற்றைக்காலில் நின்றாள். தலைவர் தலையில் கை வைத்தார். "எல்லாம் பழைய கதைம்மா. பாதிப் பேர் உயிரோடவே இல்ல" என்றார். "இருக்கிறவங்களக் கேப்பேன். இல்லாதவங்க பிள்ளைங்களக் கேப்பேன்" என்று அண்ணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கால்வாயின் இரண்டு பக்கமும் வெயிலில் அலைந்தாள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். சிலர் தாளை வாங்கித் தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒருவர் மட்டும் தன் தாளைத் திருப்பிக் கேட்டார், அண்ணி கொடுத்துவிட்டாள். தலைவருக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் ஒரு கோப்பு மிஞ்சியது. பெஞ்சுக் கோப்பு.

சங்கத்தின் பெரிய வெற்றியே அதுதான். கோணிச்சாக்கில் உட்கார வைக்கப்பட்ட ஒரு சிறுமியின் வாக்குமூலத்தை வைத்துத்தான் வக்கீலய்யா ஊரிலுள்ள எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் சாக்கை ஒழித்தார். அவர் பேசிய மேடைகளில் எல்லாம் அவள் "ஒரு சிறுமி" மட்டும்தான். காப்பகத்தில் நடக்கப்போகும் திறப்புவிழாக் கண்காட்சியில் அந்தத் தாளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்பது தலைவரின் ஆசை. அந்தப் பெண் உயிரோடு இருக்கும்வரை கோப்பை மூடி வைக்கலாம் என்று கையுறைக்காரி ஒரு வழி சொன்னாள். தலைவர் கேட்கவில்லை. "அது இல்லாம மத்ததெல்லாம் எதுக்கு? பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடலாமே" என்று கோபித்துக்கொண்டு போனார்.

அந்தச் சிறுமி யார் என்பதை இப்போது நான் சொல்லலாம். அவளே சொல்லச் சொல்லிவிட்டாள். எங்கள் கடைக்கு நேர் எதிரே இருக்கும் ரொட்டிக்கடைக்காரிதான் அவள்.

இத்தனை வருஷம் அவளிடம் ரொட்டி வாங்கித் தின்ற எனக்கு இது தெரியாது. அண்ணிக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருவரும் ரொட்டியையும் சில்லறையையும் தவிர வேறு எதையும் கைமாற்றிக்கொண்டதில்லை. அண்ணிக்குப் பிடிக்கும் என்று முறுகலான ஓரத்து ரொட்டியாகப் பார்த்து எடுத்து வைப்பாள், அவ்வளவுதான்.

சின்ன வயதிலேயே அவள் வெளியூருக்கு வேலைக்குப் போனாள். அங்கே ரொட்டி போடும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அவருடைய ஊரான இங்கேயே, கால்வாயின் இந்தப் பக்கத்துக்கு மருமகளாகத் திரும்பி வந்தாள். ஊரை விட்டுப் போன சிறுமியை அதற்குள் அண்ணியைத் தவிர யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவள் எந்தப் பக்கம் என்பது புகுந்த வீட்டில் கணவனுக்கு மட்டும் தெரியும். அவரும் இறந்துவிட்டார். இப்போது கடை அவளுடையதும் அவளுடைய நாத்தனாருடையதும். மாவு பிசைவதும் அடுப்படியில் வேவதும் இவள். கல்லாவில் உட்கார்ந்திருப்பது நாத்தனார். அந்தக் கல்லாக்காரியைப் பற்றி என்ன சொல்ல? என்னையே நல்ல நாத்தனார் என்று நாலு பேரைச் சொல்ல வைத்தவள் அவள். கடையில் ஒரே ஒரு நாற்காலி, அது அவளுடையது. அவள் சாப்பிடப் போனாலும் அதில் ஒரு பெயர்ப்பலகை போலத் தன் துண்டைப் போட்டுவிட்டுத்தான் போவாள்.

ஊர் எவ்வளவுதான் மாறினாலும் வாய்க்குள் போகும் விஷயத்தில் மட்டும் பலர் இன்னும் அந்தக் காலத்தில்தான் இருக்கிறார்கள். ரொட்டி பிசையும் கை கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் கை என்று தெரிந்தால் கடை என்ன ஆகும், கல்லாக்காரி என்ன செய்வாள்? அவளுக்குப் பயம் இருந்தது. நியாயமான பயம்.

ஒரு பிற்பகல், கல்லாக்காரி சாப்பிடப் போன நேரம் பார்த்து அண்ணி தெருவைத் தாண்டிப் போவதைத் தையல் மிஷினில் இருந்தபடியே பார்த்தேன். கையில் உறை ஒன்று இருந்தது. திரும்பி வந்தபோது கை காலி. முகம் வெளுத்திருந்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்ன அண்ணி, என்ன ஆச்சு?"

"நான் ஒரு பொய்ய டைப் அடிச்சிருக்கேன்" என்றாள். அதற்குமேல் எவ்வளவு குடைந்தும் வாயைத் திறக்கவில்லை. கல்லுளிமங்கி.

உள்ளே நடந்ததை ரொட்டிக்கடைக்காரியே இரண்டு நாள் கழித்து என்னிடம் சொன்னாள். அண்ணி விஷயத்தைச் சொன்னதும் அவள் மாவுக்கையோடு அப்படியே நின்றுவிட்டாளாம். "வேணாம் டைப்பிஸ்டக்கா. அது நானே இல்லன்னு நெனச்சுக்கங்க. கிழிச்சிடுங்க" என்றாளாம். அண்ணி ஒரு வார்த்தைகூட வற்புறுத்தவில்லை. "இது உங்க தாள். நீங்களே வெச்சுக்கங்க, கிழிங்க, அடுப்புல போடுங்க. என் வாக்கு முடிஞ்சுது" என்று உறையைக் கொடுத்துவிட்டாள்.

அடுப்பு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. வாக்குமூலம் கொடுத்தபோது அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், என்ன எழுதியிருக்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை. இப்போது படித்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"அழுதுக்கிட்டேவா? யாரு அழுதா?"

அண்ணி அந்த முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"டைப்பிஸ்டக்கா, நான் அன்னைக்கு அழவே இல்ல. பள்ளிக்கூடத்துலயும் அழல, உங்க ரூம்லயும் அழல. சாக்குல உட்கார மாட்டேன்னு சொல்லி முன்வரிசைப் பெஞ்சுல போய் உட்காந்தேன். வாத்தியார் இழுத்தாரு. பெஞ்சக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். வாட்ச்மேன் வந்து இழுத்தாரு. விடல. கடைசில ரெண்டு பேருமாச் சேந்து பெஞ்சோட என்னத் தூக்கிட்டுப் போய் வெளிய வெயில்ல வெச்சாங்க. சாயங்காலம் அம்மா வர்ற வரைக்கும் அந்தப் பெஞ்சுல உட்காந்திருந்தேன். இதெல்லாம் சொன்னேனே. எங்க காணோம்?"

காணோம்தான். தாளில் இருந்தது, அழுதுகொண்டே வெளியே நின்ற ஒரு குழந்தை. பெஞ்சை விடாமல் பிடித்தாள் என்று எழுதினால் அடங்காத பிள்ளை என்று அதிகாரி மனுவைத் தள்ளிவிடுவார் என்று வக்கீலய்யா பயந்திருக்கிறார். அவர் சொன்னபடி அண்ணி அடித்திருக்கிறாள். மனுவும் ஜெயித்தது. அந்த வெற்றியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பெஞ்சு கிடைத்தது, வாங்கிக் கொடுத்தவளிடமிருந்து மட்டும் அவள் பெஞ்சைப் பிடுங்கிவிட்டார்கள்.

எனக்கு இது தெரிந்ததும் அண்ணிமேல் கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அந்த வாரம் முழுவதும் அவள் மாடிக்கே போகவில்லை. என் கடையில் உட்கார்ந்து பொத்தான்களைப் பிரித்துப் பிரித்து டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தாள். அளவு தெரியாமல் எல்லாவற்றையும் கலந்துவிட்டாள், நான் வாயே திறக்கவில்லை.

மாதக் கடைசி நெருங்கியது. ஒரு பிற்பகல் ரொட்டிக்கடைக்காரி மாவு படிந்த கையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அடுப்புல போட முடியல அக்கா. மறுபடி மறுபடி எடுத்துப் படிச்சேன். நான் யாருன்னு தெரியாமப் போனாக்கூடப் பரவாயில்ல. அழுதேன்னு நாலு பேர் நம்பிடுவாங்களே, அது தாங்கல. மிஷினத் தூக்கிட்டு வாங்க. நான் திரும்பச் சொல்றேன். என் பேரப் போட்டுச் சொல்றேன்."

"எங்க? மேல வர்றீங்களா?"

"ரொட்டி அடுப்புல இருக்கு. கடையிலயே."

"கல்லாவுல அவங்க இருப்பாங்களே" என்றேன் நான்.

"இருக்கட்டும். ஊர்ல யாரோ சொல்லித் தெரியுறதுக்கு நானே சொல்லிட்டுப் போறேன்."

டைப்ரைட்டரை அண்ணி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினோம். நல்ல கனம். கல்லாக்காரி எங்களைப் பார்த்து, "என்ன, கடைய விலைக்கு வாங்க வந்துட்டீங்களா?" என்றாள். ரொட்டி அடுக்கும் பலகையில் மிஷினை வைத்து, அண்ணி தாளைச் சொருகினாள். பலகைக்கு எதிரே ரொட்டிக்கடைக்காரி நின்றாள்.

"நான் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துல பொறந்தவ" என்று ஆரம்பித்தாள்.

கல்லாக்காரியின் கையிலிருந்த சில்லறை பெட்டிக்குள் விழுந்தது. அண்ணி டைப் அடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள்.

"உட்காருங்க" என்றாள்.

"இல்லக்கா, நின்னுக்கிட்டே..."

"நிக்கிறவங்க சொல்றத என் மிஷின் அடிக்காது."

கடையில் இருப்பது ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பது யார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அண்ணி வேண்டுமென்றேதான் செய்தாளா, பழக்கத்தில் வாயில் வந்துவிட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரொட்டி வாங்க வந்த ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். கல்லாக்காரி தன் தம்பி மனைவியை உச்சி முதல் பாதம்வரை பார்த்தாள். தினமும் பார்க்கிற ஆள்தான், ஆனால் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"என் தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எனக்கு மட்டும் தெரியாது."

இவள் தலையைக் குனியவில்லை. "பயந்தேன்" என்றாள்.

கல்லாக்காரி எழுந்தாள். கால் வலிக்காரி, மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடியும். வெளியே போகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். துண்டால் அதை ஒரு தட்டுத் தட்டினாள்.

"இத்தன வருஷம் மறைச்சதுக்கு உன்ன அப்புறம் கேட்டுக்கிறேன். அது தனி. இப்போ உட்காரு."

ரொட்டிக்கடைக்காரி உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணியின் விரல்கள் ஓடத் தொடங்கின.

முழுவதையும் கல்லாக்காரி நின்றபடியே கேட்டாள். பெஞ்சோடு தூக்கிய இடம் வந்தபோது, "விழலையே?" என்று குறுக்கே கேட்டாள். "விழல" என்றாள் இவள். "விழலன்னு அடிங்க" என்று அண்ணியிடம் அதட்டினாள். அண்ணி அடித்தாள்.

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில பேர் ரொட்டி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். வேறு கடையில் போய்ச் செங்கல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள், கடிக்கட்டும். கல்லாக்காரி இவளிடம் ஒரு மாதம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் இப்போது இன்னொரு நாற்காலி கிடக்கிறது, அதை யார் வாங்கிப் போட்டார்கள் என்று இருவருமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

பழைய தாளை மாற்ற முடியாது, அது அப்படியேதான் இருக்கும் என்று கையுறைக்காரி சொன்னாள். புதிய தாள் அதன் மேலேயே வைக்கப்பட்டது. பிறகு அண்ணி ஒவ்வொரு கோப்பாக உட்கார்ந்து ஒரு சீட்டு அடித்துச் சேர்த்தாள்: "இவர் அழுதார் என்று எழுதியது நான். அழுதாரா என்பது எனக்கு நினைவில்லை." மூட்டை தூக்குகிறவருடைய கோப்பில் மட்டும் "அழவே இல்லை" என்று அடித்தாள். அதற்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

பீரோக்கள் இறங்கின அன்று தலைவர் சங்கத்தின் கடைசிக் குறிப்பை எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். "நம் டைப்பிஸ்ட் அம்மையார் கண்ணீர் மல்க ஆவணங்களை ஒப்படைத்தார்" என்று ஒரு வரி வந்தது. அண்ணி பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, "ஒப்படைத்தார்" என்பதை மட்டும் விட்டுவைத்தாள்.

லாரி கிளம்பியதும் காலியான மாடியறையில் போய் நின்றாள். பீரோக்கள் இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு, புகார் சொல்ல வருகிறவர்கள் பக்கம் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு வெகு நேரம் அழுதாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். இது எந்தக் கோப்பிலும் இல்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அண்ணியைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.